எது சிவில், எது இரகசியம்: மிடாலம் கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2025 செப்டம்பர் 8ஆம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்களையும் அரிய, முக்கியக் கனிமங்களையும் தோண்டும் திட்டங்களுக்கு இனி மக்களிடம் கருத்துக் கேட்கத் தேவையில்லை என்பது அதன் சாரம். விலக்கு கேட்டவை இரண்டு துறைகள்: பாதுகாப்பு அமைச்சகம், அணுசக்தித் துறை. சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பும் எரிசக்தித் தேவையும்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கேரள எல்லையை ஒட்டிய கிள்ளியூர் வட்டாரத்தில், இந்தச் செய்தியை எல்லோரும் ஒரே மாதிரிதான் படித்தோம். கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஆகிய ஐந்து கிராமங்களில் சுமார் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்க மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல் திட்டமிட்டிருக்கிறது. அதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் 2024 அக்டோபர் 1ஆம் தேதி பத்மநாபபுரத்தில் நடப்பதாக இருந்தது. கடப்புறத்து ஊர்களும் தேவாலயப் பங்குகளும் திரண்டு எதிர்த்ததில் அது தள்ளிப்போனது. ஓராண்டு கழித்து வந்த குறிப்பாணை, அப்படி ஒரு கூட்டமே வேண்டாம் என்றது. தமிழக முதல்வர் அதைத் திரும்பப் பெறச் சொல்லிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

மணல் எடுக்கலாமா கூடாதா என்பது இந்த ஆய்வின் கேள்வி அல்ல. மின்சாரம், தோரியம், அரிய மண் தனிமம் எல்லாம் சிவில் காரியங்கள். அவற்றின் மேல் இராணுவ இரகசியத்தின் போர்வை எப்படி வந்து விழுகிறது? போர்வை எந்த இடத்தில் முடிய வேண்டும் என்று யார் தீர்மானிப்பது? இதற்கு இந்தியா ஏற்கெனவே ஒருமுறை எழுத்தில் பதில் சொல்லியிருக்கிறது: 2006ல், அமெரிக்காவுடனான அணு ஒப்பந்தத்தின்போது. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எங்கள் கரையின் வழக்கைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

மணலில் தொடங்கிய கதை

அணுசக்தி என்றால் நம் நினைவுக்கு வருவது தாராப்பூர், டிராம்பே, கல்பாக்கம். ஆனால் இந்திய அணு இராஜதந்திரத்தின் முதல் பேரம் எங்கள் கரை மணலைப் பற்றியது. 1909ல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில், தோரியமும் அரிய மண் தனிமங்களும் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டார். அதன் தடம் மணவாளக்குறிச்சியில் முடிந்தது. அன்று மோனசைட்டுக்கு இருந்த மதிப்பு, வாயு விளக்கில் ஒளிரும் வலையான மாண்டிலுக்குத் தேவையான தோரியத்துக்காக. மின்விளக்கு வந்ததும் அந்தச் சந்தை சரிந்தது. 1945க்குப் பிறகு அதே தோரியத்துக்கு அணு எரிபொருள் என்ற வேறொரு முகம் வந்துவிட்டது.

திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமசாமி ஐயர் இதை நன்றாகவே புரிந்துகொண்டார். சமஸ்தானத்தைத் தனி நாடாக அறிவிக்கும் அவருடைய திட்டத்தில் மோனசைட் ஒரு துருப்புச்சீட்டு. பிரிட்டிஷ் அரசோடு விற்பனைப் பேச்சு நடந்தது. 1947 ஜூனில் சுதந்திரத் திருவிதாங்கூர் அறிவிப்பு வந்தது. ஜூலை 25ஆம் தேதி திருவனந்தபுரத்தில் அவர்மேல் வெட்டு விழுந்தது. சில நாட்களில் மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்தார். மணவாளக்குறிச்சியும், கொல்லத்துப் பக்கம் இதே மணல் கிடக்கும் சவறையும் ஒரே சமஸ்தானத்தில் இருந்த காலம் அது. 1956 நவம்பர் 1ல் எல்லை பிரிந்தபோது ஒன்று தமிழ்நாட்டுக்கும் மற்றொன்று கேரளத்துக்கும் போனது. மணல் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் கிடக்கிறது.

விடுதலை வந்ததும் அரசு அவசரமாகக் கொண்டுவந்த சட்டங்களில் ஒன்று 1948ன் அணுசக்திச் சட்டம். அந்த ஏப்ரலில் அரசியல் நிர்ணய சபையில் நடந்த விவாதம்தான் இந்த ஆய்வுக்கு அடித்தளம். எஸ்.வி. கிருஷ்ணமூர்த்தி ராவ் என்ற உறுப்பினர் மசோதாவை பிரிட்டன், அமெரிக்கச் சட்டங்களோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பிரிட்டனில் இரகசியக் கட்டுப்பாடு இராணுவ நோக்கமுள்ள ஆராய்ச்சிக்குத்தானே, இங்கே அமைதி வழி ஆராய்ச்சிக்கும் ஏன் என்று கேட்டார். நேரு மழுப்பவில்லை. இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று தனக்குத் தெரியவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்.

அந்த நேர்மையை மதிக்கிறேன். 1948ல் அது உண்மையும்கூட. ஓர் அணு உலையில் யுரேனியம் எரிந்தால் வெப்பமும் வரும், புளுட்டோனியமும் வரும். வெப்பத்தால் விளக்கு எரிக்கலாம், புளுட்டோனியத்தால் குண்டு செய்யலாம். எந்தப் பக்கம் திருப்புவது என்பது அரசின் முடிவு. பொருளுக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஆனால் அன்று சொன்ன அந்தப் பதில், பிரிக்கத் தெரியாததால் எல்லாவற்றையும் மூடிவிடலாம் என்ற நடைமுறையாகப் பிறகு உறைந்துபோனது. 1962ல் வந்த அடுத்த அணுசக்திச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அணு உலைகள், பொருட்கள், முறைகள் பற்றிய தகவல் வெளிவராமல் தடுக்க மத்திய அரசுக்கு விரிவான அதிகாரம் கொடுத்தது. அது மின் நிலையத்துக்கும் பொருந்தியது, ஆயுத ஆய்வகத்துக்கும் பொருந்தியது.

மணலின் அரசியல் அதோடு நிற்கவில்லை. 1951ல் இந்தியா அமெரிக்காவிடம் கோதுமைக் கடன் கேட்டபோது, பதிலுக்கு மோனசைட் கிடைக்குமா என்ற பேச்சு அங்கே எழுந்தது. நேரு மறுத்தார். 1953ல் இந்தியாவிலிருந்து சுமார் ஒரு டன் தோரியம் நைட்ரேட் சீனாவுக்குக் கப்பலேறியபோது, தன் சட்டப்படி இந்தியாவுக்கான உதவியையே நிறுத்த வேண்டுமோ என்று வாஷிங்டன் குழம்பியது. இனயத்தில் வலை காயப்போடும் மணலுக்கு இவ்வளவு பெரிய வரலாறு உண்டு என்பது எங்கள் பள்ளிப் பாடத்தில் வந்ததே இல்லை.

நம்பிக்கை உடைந்த இடம்

கனடா கொடுத்த சைரஸ் ஆராய்ச்சி உலை 1960ல் டிராம்பேயில் இயங்கத் தொடங்கியது. அதற்குக் கனநீர் கொடுத்தது அமெரிக்கா. ஒப்பந்தம் அமைதி நோக்கத்துக்கு மட்டும் என்றது. ஆனால் அந்த நோக்கத்தைச் சோதிக்க வெளியாருக்கு வழி வைக்கவில்லை. 1974 மே 18ல் பொக்ரானில் வெடித்த சாதனத்தின் புளுட்டோனியம் சைரஸில் உருவானது. இந்தியா அதை அமைதி வெடிப்பு என்றது. கனடா அணு உறவை முறித்தது. அணு எரிபொருள் வழங்கும் நாடுகள் குழு பிறந்தது. தாராப்பூருக்கு அமெரிக்க எரிபொருள் வருவதும் பின்னர் நின்றது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒப்பந்தத்தில் எல்லை தெளிவாக இல்லாததால் இழப்பு இரண்டு பக்கமும் ஏற்பட்டது. மற்ற நாடுகளுக்கு இந்தியாவின் எந்த உலையும் நம்பத் தகாததாகத் தெரிந்தது. இந்தியாவுக்கோ மின்சாரம் தயாரிக்கும் உலைக்குக்கூட எரிபொருள் வாங்க முடியவில்லை. 2000களின் நடுவில் உள்நாட்டு யுரேனியம் போதாமல் அணுமின் நிலையங்கள் தங்கள் திறனில் பாதியளவுக்கே ஓடும் நிலை வந்தது. இரகசியத்துக்கும் ஒரு விலை உண்டு. அது மின்வெட்டாக வந்து வீட்டுக்குள் நிற்கும்.

பட்டியல் போட்டார்கள்

2005 ஜூலை 18ல் மன்மோகன் சிங்கும் ஜார்ஜ் புஷ்ஷும் வாஷிங்டனில் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். இந்தியா தன் சிவில் அணு நிலையங்களையும் இராணுவ நிலையங்களையும் படிப்படியாகப் பிரிக்கும், சிவில் பக்கத்தைச் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் வைக்கும். பதிலுக்கு எரிபொருளும் தொழில்நுட்பமும் கிடைக்கும். 1948ல் பிரிக்கத் தெரியாது என்று சொன்னதை 2005ல் பிரிக்கிறோம் என்றார்கள்.

எப்படிப் பிரிப்பது என்பதில்தான் உண்மையான சண்டை. அணுசக்தி ஆணையத்தின் அன்றைய தலைவர் அனில் ககோட்கர் 2006 பிப்ரவரியில் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்து, எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் கல்பாக்கம் அதிவேக ஈனுலையைச் சிவில் பட்டியலில் சேர்க்க முடியாது என்றார். எரிசக்தித் தன்னிறைவுக்கும் வேண்டும், தற்காப்புக்கும் வேண்டும் என்பது அவர் வாதம். பணியில் இருக்கும் ஓர் அணு விஞ்ஞானி இப்படி வெளிப்படையாகப் பேசியது அரிது. அவர் பேசியதால் நாட்டுக்குக் கேடு எதுவும் வரவில்லை. பேச்சுவார்த்தையில் இந்தியாவின் கை வலுத்தது என்றே சொல்ல வேண்டும்.

2006 மார்ச்சில் புஷ் டெல்லி வந்தபோது பிரிப்புத் திட்டம் முடிவானது. இருந்தவையும் கட்டிக்கொண்டிருந்தவையுமாக 22 அனல் அணுமின் உலைகள், அதாவது ஈனுலை அல்லாத வழக்கமான உலைகள். அவற்றில் 14 சிவில் பக்கம்: தாராப்பூர் 1, 2, ராஜஸ்தானில் ஆறு, கூடங்குளம் 1, 2, காக்ராப்பாரில் இரண்டு, நரோராவில் இரண்டு. வெளியே நின்றவை எட்டு: கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு, தாராப்பூர் 3, 4, கைகாவில் நான்கு. ஈனுலைகளும் வெளியே. சைரஸை 2010க்குள் மூடுவதாகச் சொன்னார்கள், அந்த ஆண்டு டிசம்பர் கடைசி நாளில் மூடினார்கள். கண்காணிப்புக்குள் வரும் அனல் உலைத் திறன் 19 சதவீதத்திலிருந்து 65 சதவீதமாகும் என்று திட்டமே கணக்குச் சொன்னது. இனிமேல் கட்டும் எந்த உலை சிவில் என்று தீர்மானிக்கும் உரிமை இந்தியாவிடமே இருந்தது.

அந்த ஆவணத்தை ஆற அமரப் படிக்க வேண்டும். பிரிப்பதற்கான அளவுகோலையும் அதில் எழுதியிருக்கிறார்கள். ஒரு நிலையம் நேரடியாக ஆயுத வேலை செய்யாவிட்டாலும், ஆயுத வேலை நடக்கும் பெரிய வளாகத்துக்குள் அது இருந்தால் சிவில் பட்டியலில் வராது. கல்பாக்கத்து மின் உலைகள் வெளியே நின்றதற்கு இதுதான் விளக்கம். ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் காரணம் தாளில் இருக்கிறது, வாதிட முடிகிறது.

இன்னொன்றும் அதில் இருக்கிறது. அணுசக்தித் துறையின் நிதியில் ஓடும் ஒன்பது ஆராய்ச்சி நிறுவனங்களைச் சிவில் என்று தனியாக அறிவித்தார்கள். அவற்றில் ஒன்று சென்னைத் தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம், இன்னொன்று மும்பையின் டாடா நினைவுப் புற்றுநோய் மையம். ஒரு கணித நிறுவனத்தையும் ஒரு புற்றுநோய் மருத்துவமனையையும் ஆயுதத் தொழிற்சாலை இல்லை என்று எழுத்தில் சொல்ல வேண்டிய அளவுக்கு அந்தப் போர்வை அதுவரை அகலமாக விரிந்திருந்தது.

அப்புறம் வந்த கட்டங்கள் பலருக்கும் தெரிந்தவை. 2006 டிசம்பரில், இந்தியாவோடு அணு வணிகத்துக்கு வழிவிட்ட அமெரிக்காவின் ஹைடு சட்டம். 2007 ஆகஸ்டில், இரு நாடுகளின் அணு ஒத்துழைப்புக்கான 123 ஒப்பந்தத்தின் முழு உரை வெளியானது. அமெரிக்க அணுசக்திச் சட்டத்தின் 123ஆம் பிரிவின்படி போட்டதால் அந்தப் பெயர். 2008 ஜூலையில் இடதுசாரிகள் ஆதரவை விலக்கினார்கள். ஜூலை 22ல் நம்பிக்கை வாக்கெடுப்பில் 275க்கு 256 என்று அரசு தப்பியது. ஆகஸ்ட் 1ல் முகமையின் ஒப்புதல், செப்டம்பர் 6ல் எரிபொருள் வழங்கும் நாடுகளின் விலக்கு, அக்டோபர் 10ல் கையெழுத்து.

நடுவில் ஒரு சின்ன நிகழ்ச்சி நடந்தது. அதைப் பலர் மறந்துவிட்டார்கள். முகமையோடு போடவிருந்த கண்காணிப்பு ஒப்பந்தத்தின் வரைவைக் காட்டச் சொல்லி இடதுசாரிகள் கேட்டபோது, அது இரகசிய ஆவணம், மூன்றாம் தரப்புக்குக் காட்ட முடியாது என்றது அரசு. 2008 ஜூலை இரண்டாம் வாரத்தில் முகமை அதைத் தன் ஆளுநர் குழுவின் நாடுகளுக்குச் சுற்றுக்கு விட்டது. உடனே அது இணையத்தில் வந்துவிட்டது. பிறகு அரசும் தன் தளத்தில் போட்டது. வியன்னாவில் பல நாட்டு அதிகாரிகளின் மேசைக்குப் போகப்போகிற ஒரு தாளை, அரசைத் தாங்கிக்கொண்டிருந்த எம்.பி.க்களிடம் மறைத்தார்கள். எந்த எதிரிக்கும் அதில் புதிய சேதி கிடையாது. பார்க்க முடியாமல் நின்றவர்கள் நம் மக்கள் பிரதிநிதிகள் மட்டும்தான்.

உண்மையில் எது வெளியே போனது?

ஒப்பந்தத்தை எதிர்த்தவர்கள் இரண்டு திசையிலிருந்து வந்தார்கள். நம் பக்கம், பி.கே. ஐயங்கார் போன்ற ஓய்வுபெற்ற அணு விஞ்ஞானிகள், ஆயுதத் திட்டத்துக்கு இது மூக்கணாங்கயிறு என்றார்கள். வெளிநாட்டில் ஆயுதப் பரவலை எதிர்ப்பவர்கள் நேர்மாறாகச் சொன்னார்கள்: இறக்குமதி யுரேனியம் மின்சாரத்துக்குப் போனால், உள்நாட்டு யுரேனியம் முழுவதும் ஆயுதத்துக்கு மிஞ்சும், எட்டு உலைகளும் ஈனுலையும் திறந்தே கிடக்கின்றன. இரண்டு அச்சமும் ஒரே நேரத்தில் முழுக்கச் சரியாக இருக்க முடியாது. ஆனால் கணக்குப் போட்டு வாதாட இரண்டு தரப்புக்கும் முடிந்தது. பட்டியல் வெளியே இருந்ததுதான் காரணம்.

பாதுகாப்பு இரகசியம் எதுவும் கைமாறியதா என்றால், ஒப்பந்தத்தின் அமைப்பே அதற்கு இடம் தரவில்லை. கண்காணிப்புக்கு வெளியே இருக்கும் நடவடிக்கைகளையும், இந்த ஒப்பந்தத்தைச் சாராமல் இந்தியா தானே உருவாக்கிய பொருளையும் தொழில்நுட்பத்தையும் இது தடுக்கக் கூடாது என்று 123ன் இரண்டாம் பிரிவு சொல்கிறது. அமெரிக்காவும் தன் ஆயுதம் சார்ந்த தரவைத் தராது. முகமையின் ஆய்வாளர்கள் வருவது சிவில் உலைக்கு. உலையின் வடிவமைப்பு விவரத்தை வாங்கிக்கொள்கிறார்கள், எரிபொருள் கணக்கைச் சரிபார்க்கிறார்கள், முத்திரை வைக்கிறார்கள், கேமரா மாட்டுகிறார்கள். எரிபொருள் வேறு பக்கம் போகவில்லை என்று உறுதிசெய்வதே வேலை. எந்தெந்த நிலையம் கண்காணிப்பில் இருக்கிறது என்ற பட்டியல் முகமையின் தளத்தில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கிறது.

என் மதிப்பீடு இது. மின்சாரக் கணக்கில் 123 ஒப்பந்தம் சொன்ன அளவுக்குக் கொடுக்கவில்லை. ரஷ்யா, கஜகஸ்தான், கனடாவிலிருந்து யுரேனியம் வந்தது, பழைய உலைகள் முழுத் திறனில் ஓடின. அது உண்மையான பலன். ஆனால் ஆந்திராவின் கொவ்வாடாவில் வரவேண்டிய ஆறு அமெரிக்க உலைகள் தாளிலேயே இருக்கின்றன. விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு யாருக்கு என்ற தகராறு அதற்கு ஒரு முக்கியக் காரணமாக இருந்தது. ஒப்பந்தத்தின் பெரிய வரவு வேறிடத்தில் இருக்கிறது. சிவில் எது, இராணுவம் எது என்று இந்திய அரசு ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, அளவுகோல் சொல்லி, உலகத்துக்கு முன்னால் கோடு போட்டது. போட்ட பிறகும் தற்காப்பு குலையவில்லை.

கோடு கரைக்கு வரவில்லை

அதே 2006 செப்டம்பரில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வந்தது. எந்தத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு வேண்டாம் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. கடைசியாக ஒரு வரி: நாட்டின் பாதுகாப்பு சார்ந்தவை, அல்லது மத்திய அரசு தீர்மானிக்கும் பிற உத்திசார் காரணங்கள் கொண்டவை. அளவுகோல் இல்லை, பெயர் இல்லை, எல்லை இல்லை. மார்ச்சில் வெளிநாட்டுக்கு அவ்வளவு துல்லியமாகக் கோடு போட்ட அதே அரசு, ஆறு மாதத்தில் சொந்த மக்களுக்கு இந்த ஒரு வரியைப் போதும் என்று வைத்தது. 2025ன் குறிப்பாணை நிற்பது இந்த வரியின் மேல்தான்.

இடையில் கூடங்குளம் பாடம் ஒன்று உண்டு. கூடங்குளம் 1, 2 உலைகள் சிவில் பட்டியலில் இருக்கின்றன, கண்காணிப்பில் இருக்கின்றன. சந்தேகத்துக்கு இடமில்லாத சிவில் உலைகள். ஆனால் அணு எதிர்ப்பு இயக்கத்தின் சுப. உதயகுமார் அதன் பாதுகாப்பு மதிப்பீட்டு அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, அணுமின் கழகம் மறுத்தது. ரஷ்ய நிறுவனத்தின் வடிவமைப்பு விவரம் அதில் இருக்கிறது என்பது ஒரு காரணம். 2012 ஏப்ரலில் மத்தியத் தகவல் ஆணையம், வடிவமைப்பு இரகசியத்தை மட்டும் நீக்கிவிட்டு மற்றதைக் கொடு என்று உத்தரவிட்டது. கழகம் ஏற்காமல் விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் போனது.

2019 அக்டோபரில் இன்னொன்று. கூடங்குளத்தின் கணினியில் தீநிரல் புகுந்துவிட்டது என்று செய்தி பரவியது. அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று நிலையம் அறிக்கை விட்டது. மறுநாளே கழகம், நிர்வாக வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்தது உண்மைதான் என்றது. உலையை இயக்கும் அமைப்புக்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது. அந்தக் கடைசி வாக்கியம் உண்மையாகவே இருக்கட்டும். முதல் நாள் மறுத்தவரின் இரண்டாம் நாள் உறுதியை இடிந்தகரையில் யார் நம்புவார்கள்? எல்லாவற்றையும் மூடி வைக்கும் பழக்கம் இப்படித்தான் உண்மையான பாதுகாப்புச் செய்தியையும் மதிப்பிழக்க வைக்கிறது.

கிள்ளியூர் வழக்கை நிறுத்துப் பார்த்தால்

அரசின் தரப்பை முதலில் அதன் முழு பலத்தோடு வைக்கிறேன். மோனசைட்டில் சுமார் 8 முதல் 10 சதவீதம் தோரியம் ஆக்சைடு இருக்கிறது. இந்தியாவிடம் யுரேனியம் குறைவு, தோரியம் மிகுதி. யுரேனியத்தில் தொடங்கித் தோரியத்தில் முடியும்படி ஹோமி பாபா வகுத்த மூன்று கட்ட அணுமின் திட்டத்தின் மூன்றாம் கட்டம் இதை நம்பியே இருக்கிறது. கூடவே அரிய மண் தனிமங்கள். ரேடார், ஏவுகணை, மின்வாகன மோட்டார் எல்லாவற்றுக்கும் அவற்றால் செய்த காந்தம் வேண்டும். 2025 ஏப்ரலில் சீனா ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதியை இறுக்கியதும் உலகமே திண்டாடியது. தேவை கற்பனை இல்லை.

ஆனால் தேவை வேறு, இரகசியம் வேறு. தோரியம் நேரடியாக எரிபொருள் ஆவதில்லை. உலையில் வைத்து யுரேனியம்-233 ஆக மாற்ற வேண்டும். அதை எரிக்கும் காமினி ஆராய்ச்சி உலை கல்பாக்கத்தில் 1996லிருந்து இருக்கிறது. அதன் திறன் 30 கிலோவாட். மூன்றாம் கட்ட மின் உலைகள் வருவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும். ஏற்கெனவே பிரித்த தோரியம் சேமிப்பில் இருக்கிறது. அரிய மண் தனிமத்தைப் பார்த்தால், எங்கள் மோனசைட்டில் மிகுந்திருப்பவை சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற இலேசானவை. சீனா 2025 ஏப்ரலில் இறுக்கிய டிஸ்ப்ரோசியம், டெர்பியம் இதில் மிகச் சொற்பம். இன்னொன்று, ஐஆர்இஎல் பிரிக்கும் அரிய மண் தனிமங்கள் 2012ன் உடன்படிக்கைப்படி பல ஆண்டுகள் ஜப்பானுக்கு ஏற்றுமதியாகிவந்தன. வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்கக்கூடிய பொருளைப் பற்றி, அதைத் தோண்டும் ஊரிடம் பேச முடியாது என்றால் பொருந்தவில்லை.

அப்படியானால் இந்தத் திட்டத்தில் மறைக்க வேண்டியது எதுவுமே இல்லையா? இருக்கிறது. பிரித்த மோனசைட் எங்கே எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது, எந்த வழியில், எப்போது லாரி ஏறுகிறது, கிடங்குக்கு என்ன காவல் என்பதெல்லாம் வெளியே வரக் கூடாது. அதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். கடற்கரைக் கனிமங்கள் திருட்டுத்தனமாகப் போன குற்றச்சாட்டுகளைத் தென் மாவட்டங்கள் போதுமான அளவு பார்த்துவிட்டன.

ஆனால் கருத்துக்கேட்பில் மக்கள் கேட்பது இவற்றை அல்ல. மிடாலத்தில் ஒரு மீன்பிடிப் பெரியவர் என்னிடம் கேட்டது இதுதான்: "மக்களே, மண்ணை எடுத்தா கடல் எங்க நிக்கும்? அதச் சொல்லச் சொல்லு." கரை அரிப்பு எவ்வளவு கூடும், தோண்டிய குழியை எதைப் போட்டு நிரப்புவார்கள், கிணற்றுத் தண்ணீர் உப்பாகுமா, வள்ளம் ஏற்றும் இடம் மிஞ்சுமா, மணலைக் கலைத்துப் பிரிக்கும்போது கதிர்வீச்சு கூடுமா குறையுமா, யாருக்கு வேலை, யாருக்கு வெளியேற்றம். இதில் எந்தக் கேள்வியின் பதில் எதிரி நாட்டுக்கு உதவும்?

கதிர்வீச்சு பற்றிச் சொல்ல ஒரு நல்ல எடுத்துக்காட்டு எல்லைக்கு அந்தப் பக்கமே இருக்கிறது. கொல்லம் மாவட்டத்தில் சவறைக் கரையை உள்ளடக்கிய கருநாகப்பள்ளியில், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990ல் ஒரு பதிவேடு தொடங்கியது. சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தார்கள். வீட்டுக்கு வீடு கதிர்வீச்சை அளந்தார்கள். 2009ல் முடிவைச் சர்வதேச ஆய்விதழில் வெளியிட்டார்கள்: இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த அந்த மண்ணில் வாழ்வதால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அணுக் கனிமம் கிடக்கும் கரையின் தரவு உலகத்துக்கே திறந்து வைக்கப்பட்டது. தற்காப்பு பாதிக்கவில்லை. மக்கள் அச்சத்துக்கு ஒரு மரியாதையான பதில் கிடைத்தது. இதே தரத்தில் குமரிக் கரைக்கும் ஓர் ஆய்வு வேண்டும் என்று இங்கே கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஐஆர்இஎல்லின் மணவாளக்குறிச்சி ஆலையைச் சுற்றிப் புற்றுநோய் மிகுதி என்ற பேச்சு வீடு வீடாக இருக்கிறது. அது சரியா தவறா என்று தரவுதான் சொல்ல முடியும். கூட்டத்தை இரத்து செய்வதால் அந்தப் பேச்சு அடங்காது, வளரும்.

சரி, என்ன செய்யலாம்? 2006 மார்ச்சில் செய்ததையே செய்யலாம். குறிப்பாணையில் கனிமத்தின் பெயரை மட்டும் வைத்து மொத்த விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு, திட்டக் கோப்பை இரண்டாகப் பிரிக்கட்டும். சேமிப்பு, போக்குவரத்து, காவல் ஆகியவை ஒரு மூடிய இணைப்பில் இருக்கட்டும். அதை மத்திய மதிப்பீட்டுக் குழு மட்டும் பார்க்கட்டும். நிலம், கரை, தண்ணீர், கதிர்வீச்சு, வாழ்வாதாரம் ஆகிய அத்தியாயங்கள் தமிழிலும் மலையாளத்திலும் ஊருக்கு வரட்டும். கொல்லங்கோட்டில் பாதி வீடுகளில் இரண்டு மொழியும் பேசுகிறார்கள். அங்கே தோண்டினால் கரை அரிப்பு பொழியூரையும் சேர்த்தே பாதிக்கும். ஆகவே கேரளப் பக்கத்து ஊர்களையும் கேட்க வேண்டும். இந்தப் பிரிப்புக்குப் பிறகு எந்த அத்தியாயத்தை மூடினாலும், ஏன் மூடினோம் என்று அளவுகோலோடு ஒரு பக்கம் எழுதி வைக்கட்டும். கல்பாக்கத்துக்கு எழுத முடிந்தது, கிள்ளியூருக்கும் எழுத முடியும்.

அதுவரை ஊர்க்காரர்கள் கையில் இருப்பது தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஐஆர்இஎல் பொதுத்துறை நிறுவனம், மனுவுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. நாட்டின் பாதுகாப்பு, உத்திசார் நலன் என்று 8(1)(அ) பிரிவைக் காட்டி மறுக்கலாம் என்பது உண்மை. எனவே மனு எழுதும்போதே பிரிவு 10ஐக் குறிப்பிடுங்கள்: மறைக்க வேண்டிய பகுதியைப் பிரித்துவிட்டு மற்றதைக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. பிரிவு 8(2)ஐயும் சேருங்கள்: மறைப்பதால் காக்கப்படும் நலனைவிடப் பொதுநலன் பெரிது என்றால் விலக்குப் பெற்ற தகவலையும் தரலாம் என்கிறது. ஐஆர்இஎல்லின் மணவாளக்குறிச்சி ஆலைக்குத் தமிழிலேயே எழுதலாம், சவறை ஆலைக்கு மலையாளத்தில். 30 நாளில் பதில் வர வேண்டும். மறுத்தால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம்.